கப்புல விழுந்த தூசி

பல்லடம் பக்கம் ஒரு கருங்கல் குவாரி கம்பெனில ஆறு வருசம் இருந்தேனுங்க. கார்டுல என்விரான்மென்ட் ஆபீசர்னு போட்டிருக்கும், ஊருக்குள்ள என் பேரு தூசி அளக்கற தம்பி.

வேலை என்னன்னா, குவாரியச் சுத்தி நாலு எடத்துல தூசி பிடிக்கற பொட்டிய வெக்கணும். அது நிமிசத்துக்கு ஒரு கன மீட்டர் கணக்குல காத்த இழுத்து பில்டர் பேப்பர் வழியா விடும், எட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பேப்பர மாத்தோணும், லேப்ல முன்னாடி போட்ட எடைய பின்னாடி எடைல கழிச்சா கணக்கு வந்துரும். பிஎம் 10-ங்கறது பத்து மைக்ரானுக்குள்ள இருக்கற பொடித்தூசி, ஒரு கன மீட்டர் காத்துல அதோட 24 மணி நேர சராசரி 100 மைக்ரோகிராம் தாண்டக்கூடாதுன்னு மத்திய அரசோட 2009 அறிவிக்கைல இருக்குது. எங்களுது எப்பவும் அதுக்குள்ளதான், ஜூன் 1, டிசம்பர் 1-னு வருசத்துக்கு ரெண்டு தடவ ரிப்போர்ட் போயிரும்.

ஊர்க்கூட்டமும் நாந்தான் நடத்தணும். சாமியானா, டீ, வடை, அப்புறம் ஸ்க்ரீன்ல ஒரு கிராப், அந்த நூறுக்குப் போட்ட பச்சைக் கோட்டுக்குக் கீழ நம்ம பார் எல்லாம் குட்டி குட்டியா நிக்கும். ஒரு ஆடி மாசக் கூட்டத்துல, கொப்பரைக் களம் வெச்சிருக்கற ஆத்தா ஒண்ணு மடியில இருந்து ஒரு கொப்பரை மூடிய எடுத்து வெரல்ல வழிச்சு எங்கிட்ட காட்டுச்சு. சாம்பல் கலர்ல அப்பியிருக்குது.

"ஏஞ்சாமி, இது உங்க பொட்டில வருமா?"

வரும் ஆத்தான்னு அப்பச் சொல்லிட்டேன். ரூமுக்கு வந்து யோசிச்சாத்தான் வராதுன்னு தெரியுது. அந்தப் பொட்டிக்குள்ள சைக்ளோன்னு ஒண்ணு இருக்குது, காத்தச் சுத்த விட்டு பெருந்தூசிய கீழ ஒரு கப்புல தள்ளிரும், பேப்பருக்குப் போறது பொடித்தூசி மட்டுந்தான். நெஞ்சுக்குள்ள எறங்கறது பொடித்தூசிங்கறதால சட்டம் அதப் பாக்குது, அது நாயந்தான். மொதல்ல மொத்தத் தூசிக்கும் ஒரு அளவு இருந்துச்சு, 2009-ல அத எடுத்துட்டாங்க. ஆனா கொப்பரைல அப்பறதும் யாவாரி வெலையக் கொறைக்கறதும் அந்தக் கப்புத் தூசிதானுங்களே, அத நான் இத்தன வருசம் செடிக்கடில தட்டிட்டு கப்பக் கழுவி வெச்சுட்டு இருந்திருக்கேன்.

இன்னொண்ணு, பொட்டி வெச்சிருந்த எடம். குவாரி வர்றதுக்கு முன்னாடி ஆய்வு பண்ணினவங்க மழைக்காலத்த விட்டுட்டு ஒரே ஒரு சீசன் டேட்டா எடுத்தாப் போதும்னு விதி இருக்குது, அவங்க வந்தது மாசி பங்குனில. நம்மூர்ல காத்துன்னாலே பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆனி ஆடில மேக்க இருந்து அடிக்கற மேகாத்துதான், சின்னப் பையனக் கேட்டாலும் சொல்லுவான். களம் குவாரிக்கு நேர் கிழக்க, எங்க பொட்டில ஒண்ணு கூட அங்க இல்ல.

அடுத்த வாரம் பொட்டியத் தூக்கிட்டுப் போயி களத்துல வெச்சேன். மோட்டார் ரூம்ல இருந்து ஒயர் இழுத்துக்கச் சொல்லுச்சு ஆத்தா, விவசாயக் கரண்ட இதுக்கு எடுக்கக் கூடாதுன்னு நான் ஜெனரேட்டர் கொண்டு போனேன், அதுக்கு ஒரு சிரிப்பு. 24 மணி நேரம் ஓட்டி கப்பக் கழட்டி, தட்டாம அப்படியே மேனேஜர் டேபிள்ல வெச்சேன். "பேப்பர்ல எவ்ளோ?"ன்னாரு. நூறுக்குள்ளதாங்க சார்ன்னேன். "அப்புறம் என்னய்யா?"

அந்தாளு மோசமான மனுசன் இல்ல, அத நான் சொல்லியே ஆகணும். மூணு மாசம் நச்சுனதுல கிரஷர் கன்வேயருக்கு ஷீட் அடிச்சுக் குடுத்தாரு, தண்ணி லாரிய ரெண்டு நடை சேத்தி விட்டாரு. கூடவே ஊருக்கு நல்லது பண்றோம்னு களத்துக்காரங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு தார்ப்பாய், போட்டோ எல்லாம் எடுத்தோம்.

பத்து நாள் கழிச்சுப் போனா ஆத்தாவோட தார்ப்பாய் மாட்டுச்சாளை மேல கெடக்குது. என்ன ஆத்தா இப்படின்னு கேட்டேன்.

"கொப்பரை வெயில்ல காயுமா, தார்ப்பாய்க்கடில காயுமா? நீயே சொல்லு சாமி."