கேம் தானே பாஸ்

டிராவியன் ஆடின ஆளுங்க யாராச்சும் இங்க இருக்கீங்களா? 2008, 2009 வாக்குல ஆபீஸ்ல மேனேஜர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் ப்ரௌசர்ல ஒரு டேப் தொறந்து ஆடுவோமே, அதுதான். இப்ப உள்ள பசங்ககிட்ட காட்டினா இதுவா கேமுன்னு கேப்பாங்க. ஒரு கிராமத்து படம் இருக்கும், மேல மரம், களிமண், இரும்பு, தானியம்னு நாலு நம்பர் ஏறிட்டே இருக்கும், எதையாவது கட்டலாம்னு க்ளிக் பண்ணா முடிய மூணு மணி நேரம் ஆகும்னு சொல்லும், நாமளும் சரின்னு போய் வேலைய பாப்போம். சண்டைய கூட கண்ணால பாக்க முடியாது, படை போய் சேந்ததும் எந்தப் பக்கம் எத்தனை பேரு செத்தாங்கன்னு ஒரு ரிப்போர்ட் வரும், ஆபீஸ்ல அனுப்புற எக்செல் ஷீட் மாதிரியே இருக்கும் அது.

ஆனா டேப்ப மூடினாலும் அந்த உலகம் நிக்காது. அதுதான் அதோட வில்லங்கமே. நாம தூங்குறப்பவும் தானியம் ஏறும், எதிரி படை நடந்து வரும், தானியம் தீந்துச்சுன்னா நம்ம படை பட்டினில சாகும். உங்க கிராமத்த நோக்கி அட்டாக் வருதுன்னு ஒரு கவுண்ட்டவுன் ஓடும், வர்றது நிஜப் படையா இல்ல பயமுறுத்த அனுப்பின ஒத்தை ஆளா (அதுக்கு ஃபேக்குன்னு பேரு) தெரியாது, மணிய கணக்கு போட்டுப் பாத்தா கரெக்டா விடியக்காலம் மூணே காலுக்கு வந்து நிக்கும். அதுக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு, லைட் போடாம மானிட்டர ஆன் பண்ணி, அம்மா முழிச்சு வந்து "என்னடா இந்நேரத்துல, ஆபீஸ் வேலையா"ன்னு கேட்டா "ஆமாம்மா"ன்னு சொன்ன கூட்டம்தான் நாங்க எல்லாம். கிராமம் பொய், படை பொய், ஆனா அந்த மூணே கால் மணியும் அடுத்த நாள் மீட்டிங்ல வந்த கொட்டாவியும் பொய் இல்லியே.

எங்க அலையன்ஸ்ல, அதாவது சேந்து ஆடுற கூட்டணில, லீடர எல்லாரும் அண்ணாச்சின்னு கூப்பிடுவோம். நிஜப் பேரு கடைசி வரைக்கும் பாதி பேருக்கு தெரியாது. தென்மாவட்டத்துக்காரர், எங்கள விட பத்து பதினஞ்சு வயசு மூத்தவர், யாருக்கு அட்டாக் வந்தாலும் நடுராத்திரில மெசேஜ் போட்டு நாலு பக்கத்துலேருந்தும் டிஃபென்ஸ் படை தெரட்டிடுவாரு. அவரு ஏதோ வீட்டு விசேஷம்னு கொஞ்ச நாள் வர முடியாம போகவும், லாகின அலையன்ஸ்லயே ரொம்ப நம்பின ஒரு பையன் கைல குடுத்துட்டுப் போனாரு. அந்தப் பையன் எதிர் அலையன்ஸோட முன்னாடியே பேசி வச்சிருந்திருக்கான். அண்ணாச்சி படை மொத்தத்தையும் ஏதோ ஒரு மூலைக்கு அனுப்பி விட்டுட்டு நேரத்தையும் அவங்களுக்கு சொல்லிட்டான், கல்லெறியுற கேட்டபுல்ட்டோட வந்து கிராமங்கள ஒண்ணொண்ணா தரைமட்டம் ஆக்கிட்டாங்க. நாங்க எல்லாரும் அவன சும்மா விடல, கிழி கிழின்னு கிழிச்சோம், அதுக்கு அவன் பதில் ஒரே வரி. "கேம் தானே பாஸ், இதுக்குப் போயி".

அண்ணாச்சி திரும்பி வந்து ஒண்ணும் சொல்லல, எல்லாருக்கும் நன்றின்னு ஒரு மெசேஜ் போட்டுட்டு அக்கவுண்ட்ட டெலீட் பண்ணிட்டாரு. எப்படியும் அந்த கேம்ல யாராச்சும் உலக அதிசயத்த நூறாவது லெவல் வரைக்கும் கட்டி முடிச்சதும் சர்வரே முடிஞ்சிரும், எல்லா கிராமமும் அழிஞ்சு திரும்ப பூஜ்ஜியத்துலேருந்து ஆரம்பிக்கும், அதனால கிராமம் போனது அவருக்கு பெரிசா வலிச்சிருக்காதுன்னுதான் தோணுது. லாகின் குடுத்தாரு பாருங்க, அங்கதான் அடி.

அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு, 'கேம் தானே'ன்னு யாரு சொல்றாங்கன்னு பாக்குறது. இழந்தவன் சொல்லி நான் கேட்டதே இல்ல. எடுத்தவன் சொல்லுவான், இல்லேன்னா வெளில நின்னு வேடிக்கை பாக்குறவன் சொல்லுவான்.

2006 மார்ச்ல வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்னு ஒரு ஆன்லைன் கேம்ல நடந்த கதை ஒண்ணு இருக்கு, கேமர்ஸ் மத்தில ரொம்ப பிரபலம். ஒரு ப்ளேயர் நிஜ வாழ்க்கைல இறந்துட்டாங்க. கூட ஆடினவங்கள்ல முக்காவாசி பேரால நிஜ அடக்கத்துக்கு எல்லாம் போக முடியாதுன்னு, கேமுக்குள்ளயே அவங்களுக்கு பிடிச்ச மாதிரி பனி பெய்யுற ஒரு ஏரிக்கரைய பாத்து அஞ்சலி கூட்டம் வச்சாங்க, அவங்க கேரக்டரையே லாகின் பண்ணி நிக்க வச்சு, எல்லாரும் வரிசைல வந்து மரியாதை செலுத்திட்டு இருக்காங்க. தயவுசெஞ்சு தொந்தரவு பண்ணாதீங்கன்னு முன்கூட்டியே அறிவிப்பும் போட்டிருந்தாங்க. அந்த அறிவிப்ப பாத்துட்டே இன்னொரு கில்டு, அதாவது சேந்து ஆடுற ஒரு குழு, கூட்டமா வந்து அத்தனை பேரையும் வெட்டி சாய்ச்சுட்டுப் போயிருச்சு, அத வீடியோ எடுத்து பாட்டு போட்டு ரிலீஸும் பண்ணாங்க.

அவங்க வாதம் என்னன்னா இது ப்ளேயர்ஸ் ஒருத்தர ஒருத்தர் கொல்லலாம்னு சொல்லி வச்சிருக்குற சர்வர், சண்டை நடக்குற எடத்துல ஆயுதம் இல்லாம வந்து நின்னது உங்க தப்பு. சட்டப்படி பாத்தா கரெக்ட்டுதான். செத்த கேரக்டர் எல்லாம் ரெண்டு நிமிஷத்துல உயிரோட எந்திரிச்சிரும், யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. ஆனா ஒண்ணு யோசிங்க, அது சாதாரண கேம் கூட்டமா இருந்திருந்தா அவங்க அவ்ளோ பேர தெரட்டிட்டு வந்திருப்பாங்களா? அங்க நிக்கிறவங்க சோகம் நிஜம்னு தெரிஞ்சதாலதான் வந்தாங்க, அந்த நிஜத்த அடிச்சாதான் வீடியோ ஓடும். அடிக்கிறப்போ நிஜமா இருந்தது கேள்வி கேட்டதும் கேம் ஆயிருச்சு. என்னால அவங்க பக்கம் நிக்க முடியல, ரூல் புக்குல எடம் இருக்குங்குறதுக்காக எல்லாம் முடியல.

இதுல ஐஸ்லாந்து கம்பெனி சிசிபியோட ஈவ் ஆன்லைன்ங்குற விண்வெளி கேம் ஒரு தனி ரகம், 2003லேருந்து ஓடுது. அங்க ஏமாத்துறது, திருடுறது, உள்ளயே இருந்து முதுகுல குத்துறது எல்லாத்துக்கும் ரூல்ஸ்லயே எடம் இருக்கு, கம்பெனி தலையிடாது. 2014 ஜனவரி 27ஆம் தேதி ஒரு ஏரியாவுக்கு கட்ட வேண்டிய பில்லு கட்டாம போயிருச்சு, அதாவது நம்ம ஊர்ல கரண்டு பில்ல மறந்த கதைதான், அதுலேருந்து ஆரம்பிச்ச சண்டை கிட்டத்தட்ட 21 மணி நேரம் ஓடி டைட்டன்ங்குற ராட்சச விண்வெளிக் கப்பல் 75 அழிஞ்சுச்சு. ஒரு டைட்டன் கட்ட மாசக்கணக்குல ஆகும். சர்வர் தாங்காதுன்னு அந்த ஏரியாவுல கேமுக்குள்ள நேரத்தையே பத்துல ஒரு பங்கா ஸ்லோ பண்ணிட்டாங்க. நியூஸ்ல எல்லாம் நஷ்டம் 3 லட்சம் டாலர்னு பெரிய எழுத்துல போட்டான், வெளி ஆளுக்கு டாலர்ல சொன்னாதானே நிஜம்னு தோணும். ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு, கொழந்தைய தூங்க வச்சுட்டு, வேற வேற நாட்டு நேரத்துல உக்காந்திருந்த ஆயிரக்கணக்கான ஆளுங்க ஒரு பய சொன்ன பேச்ச நம்பி வந்து நின்னாங்களே, எனக்கு அதுதான் பெரிசா தெரியுது.

அதே ஈவ்ல வைல் ராட்னு ஒரு ப்ளேயர். கூன்ஸ்வார்ம்னு ஒரு பெரிய கூட்டணிக்கு தூதர் வேலை பாத்தாரு, யாரோட சண்டை, யாரோட சமாதானம்னு பேசி முடிக்கிறது அவரு பொறுப்பு. நிஜப் பேரு ஷான் ஸ்மித், நிஜ வாழ்க்கைலயும் அமெரிக்க வெளியுறவுத் துறை ஊழியர். 2012 செப்டம்பர் 11 அன்னிக்கு லிபியால பெங்காசில இருந்த அமெரிக்க தூதரக அலுவலகத்துல நடந்த தாக்குதல்ல இறந்தவர்ல அவரும் ஒருத்தர். அன்னிக்கு ராத்திரி கூட கேம் நண்பர்களோட சாட்ல இருந்திருக்காரு, துப்பாக்கி சத்தம் கேக்குதுன்னு அவரு டைப் பண்ணினத அவங்க படிச்சாங்க. அப்புறம் கேம் பூரா ஸ்டேஷன்களுக்கு அவரு பேர வச்சு மாத்தினாங்க, பகையாளிங்களும் சேந்துதான் மாத்தினாங்க. இந்த மனுஷனுக்கு எந்த வேலை நிஜம், எந்த வேலை விளையாட்டுன்னு கோடு போட நான் யாரு.

சரி, கேம்ல எப்படி நடந்துக்குறமோ அப்படியேதான் வெளிலயும் இருப்போமான்னு கேட்டா அவ்ளோ சிம்பிளா சொல்ல முடியாது. 2005 செப்டம்பர்ல வார்கிராஃப்ட்ல ஒரு நோய் பரவுச்சு, கரப்டட் ப்ளட்னு. ஹக்கார்னு ஒரு பெரிய வில்லனோட (கேம்ல பாஸ்னு சொல்லுவாங்க) சண்டை போடுறப்போ நம்ம மேல ஒட்டுற சாபம், அந்த கோயிலுக்குள்ள மட்டும் இருக்கணும்னுதான் வடிவமைச்சாங்க, ஆனா ப்ளேயர்ஸ் வளக்குற மிருகங்க மேல ஒட்டி அப்படியே ஊருக்குள்ள வந்துருச்சு. கடைக்காரன் காவக்காரன்னு கம்ப்யூட்டர் ஓட்டுற ஆளுங்க சாகாம நோய மட்டும் பரப்பிட்டே இருந்தாங்க. பெரிய நகரத்து தெரு எல்லாம் எலும்புக்கூடு. சில பேரு மத்தவங்கள காப்பாத்த வைத்தியம் பாத்தாங்க, சில பேரு ஊர விட்டு ஓடினாங்க, சில பேரு வேணும்னே அடுத்தவன் மேல ஒட்ட வச்சாங்க, இன்னும் சில பேரு என்ன நடக்குதுன்னு பாக்க மெனக்கெட்டு வந்து மாட்டினாங்க. கம்பெனி தனிமைப்படுத்தல் எல்லாம் சொல்லிப் பாத்து வேலைக்காகல, கடைசில கேமையே மாத்தித்தான் நிறுத்தினாங்க. 2007ல லான்செட் மருத்துவ இதழோட தொற்றுநோய் பதிப்புல எரிக் லோஃப்கிரென், நினா ஃபெஃபர்மன்னு ரெண்டு பேரு இத வச்சு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதினாங்க.

கேம்ல செத்தா திரும்ப எந்திரிக்கலாம், அதனால அலட்சியமா இருப்பாங்க, நிஜத்துல எவனாச்சும் வேடிக்கை பாக்க வந்து நோய் வாங்குவானான்னு நானும் நினைச்சேன். 2020ல எங்க தெருவுல ஒரு வீட்ட தகரம் வச்சு அடைச்சப்போ அத எட்டிப் பாக்க வந்த கூட்டத்த மாடிலேருந்து பாத்தேன், ஒருத்தர் பேரனை தோள்ல வேற வச்சிருந்தாரு.

வெளில நின்னு 'கேம் தானே'ன்னு சொல்றவங்க கெட்டவங்க எல்லாம் கிடையாது, முக்காவாசி பாசத்துல சொல்றதுதான். நார்வேல மாட்ஸ் ஸ்டீன்னு ஒரு பையன், டூஷென்னு தசை சிதைஞ்சுட்டே போற நோய், வீல் சேர், கடைசில விரல் மட்டும்தான் அசையும். வீட்டு அடித்தளத்துல உக்காந்து வருஷக்கணக்கா வார்கிராஃப்ட் ஆடினான். 2014ல 25 வயசுல இறந்துட்டான். ஒரு நண்பன், ஒரு காதல்னு எதுவுமே இல்லாம போயிட்டானேன்னு அப்பா அம்மா அழுதுட்டு, அவன் எழுதிட்டு இருந்த ப்ளாக்ல இறந்த செய்திய போட்டு ஒரு மெயில் ஐடியும் குடுத்தாங்க. அப்புறம் ஐரோப்பா பூரா இருந்து மெயிலா வந்து குவிஞ்சுச்சு. ஸ்டார்லைட்னு அவன் இருந்த கில்டுகாரங்க, அவன்கிட்ட கஷ்டத்த சொல்லி அழுதவங்க, அவன் பேச்ச கேட்டு வீட்ல சமாதானம் ஆனவங்க. சில பேரு வேற நாட்டுலேருந்து ப்ளைட் பிடிச்சு அடக்கத்துக்கே வந்தாங்க. எனக்கு இதுல பிடிச்ச விஷயம் அவன் ஒண்ணும் மகான் இல்ல, தன் நோய ரொம்ப நாள் அவங்ககிட்ட மறைச்சான், சில பேரோட சண்டை போட்டு விலகவும் செஞ்சான். அதான் எனக்கு நம்பிக்கையா இருக்கு, நட்புன்னா அப்படித்தானே இருக்கும். அப்பா அம்மா அதே வீட்லதான் இருந்தாங்க, பாவம், கதவு தொறந்து பாத்தா ஸ்க்ரீன்ல ஒரு பொம்ம ஓடுறது மட்டும்தான் தெரியும்.

நம்ம ஊர்ல இந்தப் பேச்ச எடுத்தாலே உடனே ரம்மிக்கு போயிருவாங்க. டிவி விவாதத்துல ஆன்லைன் கேம்னாலே பணம் வச்சு ஆடுற ரம்மிதான். அதுக்கு தமிழ்நாட்டுல 2022லயே சட்டம் வந்துச்சு, 2025ல ராத்திரி 12லேருந்து காலைல 5 வரைக்கும் காசு வச்சு ஆடக்கூடாதுன்னு விதியும் வந்துச்சு, அதே வருஷம் மத்திய அரசு காசு கட்டி ஆடுறதையே மொத்தமா தடை பண்ணி சட்டம் போட்டுச்சு. என்ன கேட்டா சரிதான், எனக்கு அதுல வருத்தமே இல்ல. ஆனா அதையும் நான் பேசுறதையும் ஒரே மூட்டைல கட்டாதீங்க, ரம்மில உலகமும் கிடையாது ஊரும் கிடையாது, பணம் மட்டும்தான்.

2020 செப்டம்பர் 2ஆம் தேதி பப்ஜி மொபைலோட சேத்து 118 ஆப்ப தடை பண்ணாங்களே, அப்ப அக்கா பையன் ப்ளஸ் ஒன். ஒரே ஸ்குவாட்ல தினமும் ஆடிட்டு இருந்தான், ஒருத்தன் கவுகாத்தி, ஒருத்தன் நாக்பூர், இன்னொருத்தன் எங்கயோ கேரளா பக்கம், இவனுக்கு இந்தியே அவங்ககிட்ட பேசித்தான் வந்துச்சு. லாக்டவுன்ல அவன் வாயத் தொறந்து பேசின ஆளுங்கன்னா அவங்கதான். அக்டோபர் 30 அன்னிக்கு சர்வர மொத்தமா நிறுத்தினாங்க. பையன் சாப்பிடாம படுத்துக் கெடந்தான், அக்கா எனக்கு போன் பண்ணி சிரிக்கிறா, "ஒரு கேமுக்கு போயி இப்படி பண்றான்டா, நல்லதாப் போச்சு இனிமே படிப்பான்". கிட்ட போய் பேசினப்பதான் சொன்னான், "மாமா, அவனுங்க நம்பர் கூட எங்கிட்ட இல்ல, நிஜப் பேரும் தெரியாது, எப்படி தேடுறது". அதுக்கு நான் என்ன பதில் சொல்றது, எனக்கு அண்ணாச்சி பேரே தெரியாதே.

அடுத்த வருஷம் ஜூலைல அதே கேம் பிஜிஎம்ஐன்னு வேற பேர்ல வந்துச்சு, 2022ல போயி 2023ல திரும்பவும் வந்துச்சு. இப்ப காலேஜ் முடிச்சுட்டான், ஆடுறது கொறஞ்சிருக்கு. ஆனா ஸ்குவாட்ல புதுசா யாரு வந்தாலும் மேட்ச் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போன் நம்பர் வாங்கிடுறானாம். முகம் தெரியாத ஊர்க்காரனுங்க எல்லாம் நேரங்கெட்ட நேரத்துல கூப்பிடுறானுங்கன்னு அக்கா இப்ப அதுக்கு பொலம்பிட்டு இருக்கா.