லினக்ஸ் ஃபீச்சர் மாடலில் மரபணு வழிமுறை: செல்லுபடியாகும் ஒரு கான்ஃபிக் கிடைக்கும்வரை

லினக்ஸ் 2.6.28 கர்னலின் ஃபீச்சர் மாடல், அதாவது எந்த ஃபீச்சர் எதோடு சேரலாம், எதோடு சேரக்கூடாது என்ற விதிகளின் தொகுப்பு, டைமாக்ஸ் கோப்பாகவே (தர்க்க விதிகளை எழுதும் உரை வடிவம்) கிடைக்கிறது: 6,888 மாறிகள், 3,43,944 கிளாஸ்கள் (விதிகள்). செலவு குறைவாக, பிழை குறைவாக, ஃபீச்சர் நிறைய உள்ள கான்ஃபிக்குகளை (எந்த ஃபீச்சர் உண்டு, எது இல்லை என்ற தேர்வுகளை) இதிலிருந்து மரபணு வழிமுறையால், அதாவது பல கான்ஃபிக்குகளைக் கலந்தும் மாற்றியும் நல்லதைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தும், தேடி எடுப்பதுதான் வேலை. இதற்கான ஜெமெட்டல் என்ற ஜாவா நூலகத்தை நிறுவுவதும் குரோமோசோமை (ஒரு கான்ஃபிக்கை) பிட் வரிசையாக எழுதுவதும் சுலபம். ஒன்று மட்டும் கவனம்: ஜெமெட்டல் எல்லா இலக்கையும் குறைக்கத்தான் பார்க்கும். அதனால் 'தேர்ந்தெடுத்த ஃபீச்சர்' என்று கொடுக்காமல் 'விட்டுப்போன ஃபீச்சர்' எண்ணிக்கையைக் கொடுங்கள்.

வலி அதற்கப்புறம்தான். விதிமீறலையும் ஓர் இலக்காக்கி, இப்படிப் பல இலக்குகளோடு என்.எஸ்.ஜி.ஏ-2 என்ற பல-இலக்கு மரபணு வழிமுறையை ஓட்டினால், கொஞ்ச நேரத்தில் கூட்டத்தில் யாரும் யாரையும் விஞ்சாத நிலை வந்துவிடும். பிறகு யார் தங்குவது என்பதை நெரிசல் தூரம் (பக்கத்துக் கான்ஃபிக்குகளிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்ற அளவு) முடிவு செய்யும். அது ஓரத்தில் நிற்பதைக் காப்பாற்றும் குணம் உடையது. ஆயிரம் விதியை மீறினாலும் செலவு மிகக் குறைவு என்றால் அந்தக் கான்ஃபிக் பிழைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்க ஓடி, பார்க்க அழகான பேரட்டோ முகப்பு (ஒன்றையொன்று விஞ்சாத விடைகளின் தொகுப்பு) வரும். உள்ளே செல்லுபடியாகும் கான்ஃபிக் ஒன்றுகூட இருக்காது. தலைமுறைகளைக் கூட்டிப் பார்த்து நாளை வீணாக்காதீர்கள். ஐ.பி.இ.ஏ என்ற இன்னொரு மரபணு வழிமுறைக்கு மாறுங்கள். ஒன்று இன்னொன்றைவிட எவ்வளவு மேல் என்பதையும் அது அளக்கிறது. சயாத், மென்சீஸ், அம்மார் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2013-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டினார்கள்.

ஆனால் லினக்ஸ் அளவுக்கு ஐ.பி.இ.ஏ மட்டும் போதாது. ஓட்டத்துக்கு முன்பே சாட் சால்வரை (எல்லா விதிக்கும் பொருந்தும் உண்மை/பொய் மதிப்புகள் உண்டா என்று தேடும் நிரலை) உட்கார வையுங்கள். ஒவ்வொரு ஃபீச்சரையும் ஒருமுறை உண்மை என்றும் ஒருமுறை பொய் என்றும் வைத்துக் கேளுங்கள். ஏதாவது ஒரு பக்கம் தீர்வில்லை என்று வந்தால் அந்த பிட்டைப் பூட்டிவிடுங்கள். மியூட்டேஷன் வீதம் (ஒரு பிட் தற்செயலாகப் புரளும் வாய்ப்பு) 0.001 போதும், அதற்கே சராசரியாக ஏழு பிட் புரளும். 0.01 வைத்தால் 69 பிட். நல்ல கான்ஃபிக்கை அது ஒரே அடியில் உடைத்துவிடும்.

அடுத்து, மியூட்டேஷனில் சிறு பங்கைச் சால்வரிடமே விடுங்கள்: மீறப்பட்ட கிளாஸ்களில் வரும் மாறிகளை மட்டும் விடுவித்து, மற்றதை அப்படியே பிடித்துக்கொண்டு நிரப்பச் சொல்வது. சாட்-ஐ.பி.இ.ஏ என்ற வழிமுறை 2015-இல் கொண்டுவந்த யோசனை இது. தீர்வில்லை என்று வந்தால் பழைய கான்ஃபிக்கையே விட்டுவிட்டு நகருங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. மினிசாட் வகைச் சால்வர்கள் மாறியை முதலில் பொய் என்றுதான் வைத்துப் பார்க்கும். அதனால் திரும்பத் திரும்ப ஒல்லியான, ஒரே அச்சில் வார்த்த கான்ஃபிக்குகளே வரும். மாறி வரிசையையும் ஆரம்ப மதிப்பையும் ஒவ்வொரு அழைப்பிலும் கலைத்துவிடுங்கள். இதைச் செய்ததும் முகப்பு விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வேலையில் உண்மையாக மகிழ்ச்சி தரும் இடம் அதுதான்.

எரிச்சலான விஷயம் பண்பு மதிப்புகள். செலவும் பிழை எண்ணிக்கையும் கர்னலில் இல்லை. ஆய்வுகளில் அவை தற்செயல் எண்கள். ஒரு களஞ்சியத்தில் மாடல் இருந்தது, அந்த எண்கள் அடங்கிய கோப்பு இல்லை. அப்படியானால் ஒப்பீட்டுக்கே வழியில்லை. நீங்கள் வெளியிடும்போது அந்தக் கோப்பையும் சேர்த்தே வையுங்கள். ஹைப்பர்வால்யூம் (முகப்பின் தரத்தை அளக்கும் எண்) கணக்கிடும் முன் செல்லாதவற்றை வடிகட்டுவதும் கட்டாயம். இல்லையென்றால் குப்பையும் மதிப்பெண் வாங்கும்.

கடைசிச் சோதனையைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். கர்னலின் சொந்த அமைப்பு முறையான கேகான்ஃபிக்கில் ஒரு டிரைவருக்கு ஒய் (உள்ளேயே சேர்), எம் (தனி மாட்யூல்), என் (வேண்டாம்) என்று மூன்று நிலை. எண்ணும் சரமுமாக வரும் விருப்பங்கள் பூலியன் மாடலில் அடங்காது. எனவே கிடைத்த விடையை டாட்-கான்ஃபிக் கோப்பாக எழுதி, கர்னலிடமே கொடுங்கள். புதிய பதிப்புகளில் 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்', பழையவற்றில் 'மேக் ஓல்ட்கான்ஃபிக்'. சார்பு பூர்த்தியாகாத விருப்பத்தை அது சத்தமில்லாமல் எடுத்துவிடும், எச்சரிக்கைகூடத் தராது. முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை 'டிஃப்கான்ஃபிக்' ஸ்கிரிப்டில் ஒப்பிடுங்கள். நீங்கள் தேர்ந்த ஃபீச்சர்களில் ஏதாவது காணாமல் போயிருந்தால் கம்பைல் செய்யாதீர்கள். அந்தக் கான்ஃபிக்கின் செலவுக் கணக்கும் இனி செல்லாது.