'பிரபல' கிடைக்கவில்லை

யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தபோது என் கை முதலில் பழகிய சொல் 'குடும்பப் பெண்'. விபத்தோ, டெங்குவோ, கிணற்றில் விழுந்ததோ, செத்தவருக்குக் கலியாணம் ஆகியிருந்தால் அந்தச் சொல். ஆகாவிட்டால் 'யுவதி'. வயது போயிருந்தால் 'வயோதிப மாது'. ஆண்களுக்கும் 'குடும்பஸ்தர்' உண்டுதான். ஆனால் வேறொன்றும் அகப்படாத இடத்தில்தான் அதைப் போடுவோம்.

ஒருநாள் காங்கேசன்துறை வீதியில் ஒரு விபத்து. 'குடும்பப் பெண் பலி' என்று தலைப்பிட்டேன். அதே பக்கத்தில், மாரடைப்பால் இறந்த ஒருவர் 'பிரபல வர்த்தகர்'. அவருக்கு இருந்தது கைத்தொலைபேசிக்கு ரீலோட் போடும் சின்னக் கடை. மறுநாள் காலை அந்தப் பெண்ணின் தங்கை தொலைபேசி எடுத்தா. சண்டை பிடிக்கவில்லை. "அக்கா சுன்னாகம் சந்தையிலை இருபது வருசமா மரக்கறி வித்தவ. சந்தைக்கை எல்லாருக்கும் அவவைத் தெரியும். அதை ஏன், தங்கச்சி, போடேல்லை?" என்றுதான் கேட்டா. செய்தியாளர் அனுப்பிய குறிப்பைத் தேடி எடுத்தேன். கடைசி வரியில் 'மரக்கறி வியாபாரி' என்று இருந்தது. இடம் போதாதென்று வெட்டியது நான்.

அன்றைய பத்திரிகையில் பெயரோடு கருத்துச் சொன்னவர்களை எண்ணினேன். பெண்களை எண்ண ஒரு கைவிரல்களே போதும். உலகமெங்கும் ஐந்து வருடத்துக்கு ஒருக்கால் செய்திகளை இப்படி எண்ணும் கண்காணிப்புத் திட்டம் ஒன்று உண்டு. 1995இல் செய்திகளில் வந்தவர்களில் நூற்றுக்கு 17 பேர் பெண்கள், 2020இல் 25. கால் நூற்றாண்டில் எட்டுப் பேர்.

பெண்கள் படத்திலே வராமல் இல்லை. 2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராட்டத்தில் இருந்தார்கள். அறிக்கை தந்தார்கள், கோரிக்கைகளைத் தெளிவாகச் சொன்னார்கள். எங்களுக்கு வந்து சேர்ந்த படங்களில் எப்போதும் ஒரு அம்மா வாய்விட்டு அழுதுகொண்டிருந்தா. அழாமல் பேசுகிற படத்தை முன்பக்கத்துக்கு நானும் தெரிவு செய்ததில்லை. படத்துக்குப் பக்கத்தில் அரசியல்வாதியின் பேச்சு. தாய்க்குக் கண்ணீர், அவருக்கு மேற்கோள்குறி.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் 25 வீத ஒதுக்கீட்டால் சபைகளுக்குள் பெண்கள் வந்தபிறகும் இது லேசில் மாறவில்லை. உறுப்பினர் ஒருவரின் கருத்துக்காக அவவின் கணவருக்கு எங்கள் ஆள் ஒருவர் அழைப்பெடுத்ததை என் மேசையிலிருந்தே கேட்டிருக்கிறேன்.

சில மாதம் கழித்து, கடை நடத்திய இன்னொரு பெண்ணின் மரணச் செய்தி வந்தது. 'பிரபல வர்த்தகர் காலமானார்' என்று போட்டேன். செய்தி ஆசிரியர் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஆம்பிளை எண்டெல்லோ சனம் நினைக்கும், பிள்ளை" என்றார். நினைக்கட்டும் என்றேன். கொஞ்சநேரம் இழுபட்டு, 'பெண் வர்த்தகர் காலமானார்' என்று அச்சுக்குப் போனது.