பரந்தனில் ஷிப்ட் வேலை

கிளிநொச்சிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் கெமிக்கல் பக்டரி எங்கே என்று கேட்டால் பற்றைக்குள் நிற்கும் இடிந்த கட்டடங்களைக் கைகாட்டுவார்கள். எனக்கு அது ஓவர்டைம் காசும், கொஸ்டிக் சோடா என்ற தோலை அரிக்கும் காரம் பட்டுக் கொப்பளித்த கையும்.

காங்கேசன்துறைக்குச் சீமெந்து, வாழைச்சேனைக்குக் கடதாசி, பரந்தனுக்கு இரசாயனம். ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்துக் கணக்கு அது. பரந்தன் தொழிற்சாலை 1950களில் எழும்பியது. இடம் நன்றாகத்தான் பார்த்திருந்தார்கள். ஒரு பக்கம் ஆனையிறவு உப்பளம், பக்கத்திலேயே யாழ்ப்பாண ரயில் பாதை.

வேலை இதுதான். உப்பைக் கரைத்து, அதிலுள்ள கல்சியம், மக்னீசியம் கசடுகளைப் படியவிட்டு, தெளிந்த உப்புநீரில் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். குளோரீனும் ஐதரசனும் வாயுவாகப் பிரியும், கொஸ்டிக் சோடா கரைசலில் நிற்கும். ஒரு தொன் கொஸ்டிக் எடுக்க ஏறக்குறைய 3,000 யூனிட் கரண்ட் வேண்டும். கூடவே 900 கிலோ அளவில் குளோரீன் வந்தே தீரும். இரண்டும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். கொஸ்டிக்கை சோப்புக்காரர், கடதாசி ஆலை, துணி ஆலை என்று பலர் கேட்பார்கள். பருத்தியின் மெழுகு போக அதில் அவித்தால்தான் துணியில் சாயம் சரியாகப் பிடிக்கும். ஆனால் குளோரீன் சிலிண்டர் ஏற்ற லொறி வராவிட்டால் கொஸ்டிக்கையும் குறைக்க வேண்டியதுதான். வாயுவைக் குவித்து வைக்க முடியாதே. "ஆலை நல்லாத்தானே ஓடுது, ஏன் குறைக்கிறியள்?" என்று கந்தோர்ப் பக்கத்திலிருந்து கேட்பார்கள். எங்களுக்குச் சிரிப்புத்தான் வரும்.

புதிதாக வந்த என்னிடம் மூத்த ஒப்பரேட்டர் சொன்ன முதல் பாடம்: "தம்பி, மூக்கை நம்பாதை, காத்தைப் பார்." குளோரீன் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், தாழ்வான இடத்தில்தான் தங்கும். கசிந்தால் காற்று வரும் பக்கமாக, மேடாகப் பார்த்து ஓட வேண்டும். தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் என்றால் ஒரு பக்கம், வடகிழக்கு வாடை என்றால் இன்னொரு பக்கம். ஷிப்ட் ஏறும்போது காற்றுத் திசை காட்டும் கொடியைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம். வீட்டில் உடுப்புக் காயப்போடும்போதும் எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

குண்டு விழுந்து ஒரே நாளில் அழிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் போர்ச் சூழலில் 1985இலேயே உற்பத்தி நின்றுவிட்டது. 1990இல் உப்பளமும் நின்றது, ரயிலும் நின்றது. உப்பும் குளோரீனும் பட்ட இரும்பு சும்மா கிடந்தால் கறள் பிடிக்கும் வேகத்தை நம்ப மாட்டீர்கள். மிச்சத்தைப் பிறகு வந்த சண்டைகள் பார்த்துக்கொண்டன. என்னைக் கேட்டால், பெரிய இழப்பு ஆட்கள்தான். உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சும் தொட்டியின் (செல்) வோல்ட்டேஜைப் பார்த்தே கோளாறு சொல்லக்கூடியவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போனார்கள், சிலர் வயலுக்குத் திரும்பினார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பரந்தன் என்ற பெயரோடு அரச நிறுவனம் இன்னும் இருக்கிறது. குளோரீனை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து குடிநீர்த் திட்டங்களுக்குக் கொடுக்கிறது. ஆனையிறவில் உப்பு மறுபடி விளைகிறது. பரந்தனிலும் மீண்டும் இரசாயனத் தொழில் வரும் என்று பேச்சு அடிபடுகிறது. வரட்டும், சந்தோசம். ஆனால் கூட்டங்களில் எல்லாரும் குளோரீனைப் பற்றியே பேசுகிறார்கள். கூடவே வரும் கொஸ்டிக்கை எந்தத் துணி ஆலை, எந்தச் சோப்புக் கம்பனி, என்ன விலைக்கு எடுக்கும் என்று முதலில் பேசி முடிக்கட்டும். கட்டடத்துக்கு அடிக்கல் அப்புறம் வைக்கலாம்.