ஹேண்டில்பார் படலம்

என் பஜாஜ் அவெஞ்சர் பைக்குக்கு ஹேண்டில்பார் தேடி மூணு வாரமா அலையுறேன். பழசு வண்டி சாய்ஞ்சதுல வளைஞ்சு போச்சு.

ஆசை என்னவோ ஏப் ஹேங்கர் மேலதான், அதான் கையை மேல தூக்கிப் பிடிக்கிற உயரமான ஹேண்டில்பார். மெக்கானிக் அண்ணன், "கிளட்ச் கேபிள், பிரேக் ஹோஸ், ஒயரிங் எல்லாம் நீளமா மாத்தணும், பரவாயில்லையா தம்பி?"ன்னார். ஆசை அங்கேயே அடங்கிருச்சு.

அடுத்து பளபளன்னு ஒண்ணு கிடைச்சது. குழாய் தடிமனை அளந்தா 25.4 மி.மீ., ஹார்லி டேவிட்சன் பைக் கணக்கு. நம்ம கிரிப், சுவிட்ச் எல்லாம் 22 மி.மீ. குழாய்க்கு. நுழையவே நுழையாது!

கடைசியில பழைய உயரத்துலயே, முனை மட்டும் ரெண்டு இஞ்ச் என் பக்கம் வந்த பார். மாட்டி ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பார்த்தோம். டேங்க்ல இடிக்கல, ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு ஐடிலிங்கும் (சும்மா நிக்கும்போது எஞ்சின் ஓடுற வேகம்) ஏறல. ஆனா சுவிட்ச் பாக்ஸுக்குள்ள ஒரு குட்டி முளை இருக்கே, அதுக்கு பார்ல ஓட்டை இல்ல. முளை ஓட்டையில உக்காரலன்னா பாக்ஸ் சுத்திக்கிட்டே கிடக்கும். வண்டில உக்காந்து லீவர் சரிவு பார்த்து ஓட்டை போட வேண்டிய இடத்தை மார்க் பண்ணிட்டேன், நாளைக்கு டிரில்லிங்.