இன்னொரு வருஷம் அதே வகுப்பில்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கும்பகோணத்திலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். எப்போதும் அத்தானுக்குச் சுகர் எப்படி இருக்கிறது, கொல்லையில் கத்தரி காய்த்ததா என்று சுற்றி வளைத்துத்தான் பேச்சைத் தொடங்குவாள். அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே அழுகை.

"அக்கா, இவன இன்னொரு வருஷம் ரெண்டாவதுலேயே உக்கார வைக்கச் சொல்றாங்க. என்னக்கா செய்யட்டும்?"

அவள் பையனுக்கு ஏழு வயது. தனியார் பள்ளி. வகுப்பு டீச்சர் கூப்பிட்டு, "அஸ்திவாரம் பலமா இருந்தாத்தான் மேல கட்ட முடியும்" என்று சொல்லியிருக்கிறார். எங்கள் விருப்பத்தின் பேரில்தான் பிள்ளை அதே வகுப்பில் தொடர்கிறான் என்று பெற்றோரே ஒரு கடிதம் எழுதித் தர வேண்டுமாம். அவள் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார். மாமியார், சொந்தக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்கிறார். பையன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள்.

"கையெழுத்து மட்டும் போடாத. கொஞ்சம் பொறு" என்று சொல்லி வைத்தேன். அவளுக்குச் சொல்ல வேண்டியதைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. இதே கேள்வியோடு வேறு அம்மாக்களும் இருப்பார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். முப்பது வருஷமாகச் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருப்பவள் நான். மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டு பேர், பிள்ளைகள் முப்பத்தொரு பேர்.

ஃபெயில் என்பதை நான் முதன்முதலில் பார்த்தது எங்கள் வீட்டில்தான். அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். 1978-இல் மூன்றாம் வகுப்பில் ஃபெயில். அடுத்த வருஷமும் ஃபெயில். 1979 ஜூனில் நான் மூன்றாம் வகுப்புக்குப் போனபோது அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு பேர் பெயரையும் ஒரே பதிவேட்டில் வாத்தியார் அடுத்தடுத்துக் கூப்பிடுவார். அண்ணன் "உள்ளேன் ஐயா" சொல்லும்போது குரல் வெளியே வராது.

அண்ணனுக்கு மூளை இல்லை என்றுதான் ஊரில் பேசினார்கள். நடந்தது என்னவென்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. புரட்டாசி, ஐப்பசி என்றால் அம்மா நடவுக்குப் போய்விடுவார். தை, மாசியில் அறுப்பு. தவழ்கிற தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். மூத்த பிள்ளை அண்ணன், அதனால் அவர் வீட்டில் நிற்பார். பள்ளியில் பெருக்கலும் வகுத்தலும் நடப்பது அந்த மாதங்களில்தான். மறு வருஷமும் அதே வகுப்பு, அதே நடவு, அதே லீவு. எந்தப் பாடம் விட்டுப்போனதோ அதே பாடம் மறுபடியும் விட்டுப்போனது. ஒரு வருஷம் கூடுதலாக உட்கார்ந்ததால் அண்ணனுக்குக் கிடைத்தது ஏற்கெனவே தெரிந்த கூட்டல் கணக்குதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணன் எட்டிப் பார்த்து எழுதிவிடுவாரோ என்று நான் என் சிலேட்டைக் கையால் மறைத்துக்கொள்வேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனது கேட்பதில்லை. அந்த வருஷம் பொங்கலுக்குப் பிறகு அண்ணன் பள்ளிக்கு வரவில்லை, மாடு மேய்க்கப் போனார். இப்போது அவருக்கு 57 வயது. வரப்பில் நின்று பார்த்தே எந்த மடைக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் விட வேண்டும் என்று கணக்காகச் சொல்வார். கூட்டுறவு வங்கிப் படிவம் என்றால் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்.

இவ்வளவும் தெரிந்த நானே ஒரு காலத்தில் ஃபெயில் போடுவதற்குப் பரிந்து பேசியிருக்கிறேன். 2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று ஆனது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற குறுவள மையக் கூட்டத்துக்குப் போனால் பேச்செல்லாம் அதுதான். பயம் போய்விட்டால் எந்தப் பிள்ளை படிக்கும் என்று கேட்பார்கள். நானும் தலையாட்டினேன். ஐந்தாம் வகுப்பு முடித்து டிசி வாங்க வரும் பிள்ளை, தன் பெயரைத் தவிர வேறு எதையும் படிக்கத் தெரியாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்தக் குறையைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஒன்றும் செய்யாமல் மேலே மேலே அனுப்பிக்கொண்டிருப்பதும் பிள்ளையைக் கைகழுவுவதுதான்.

என் எண்ணம் மாறியது 2022 ஜூனில். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளி, ஒன்றிலிருந்து எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் அந்த வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராமலே இரண்டாம் வகுப்புக்கு வந்தார்கள். வந்த வேகத்தில் அடைமழை லீவு. ஜனவரியில் கொரோனாவுக்காக மறுபடியும் மூடினார்கள். அந்தப் பிள்ளைகளை அப்படியே மூன்றாம் வகுப்புக்கு ஏற்ற வேண்டும் என்றபோது எனக்கே மனசு வரவில்லை.

அந்த வருஷம் மேட்டூரை மே 24-லேயே திறந்துவிட்டார்கள். வழக்கமாக ஜூன் 12. ஊரே குறுவைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 13, பள்ளி திறந்த அன்று, ஓர் அம்மா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்றங்காலிலிருந்து நேரே வந்திருக்கிறார், சேலைக் கரையில் சேறு காயவில்லை.

"டீச்சர், இவனுக்கு ஒண்ணுமே தெரியல. மூணாவதுல போட்டு என்ன செய்ய? ரெண்டாவதுலேயே வச்சிருங்க. நீங்க அடிச்சாக்கூட நான் கேக்க மாட்டேன்."

"அடிக்கவும் மாட்டேன்மா, நிறுத்தவும் முடியாது. ஒரு மாசம் டைம் குடு, பாக்கலாம்" என்றேன். நம்பிக்கையோடு சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். சட்டம் இடம் கொடுத்திருந்தால் அன்றைக்கு நிறுத்தியே வைத்திருப்பேன்.

மறுநாள் பையனை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒன்றுமே தெரியாத பிள்ளை இல்லை. அ முதல் ஔ வரை வந்தது. க, ங, ச வரிசை வந்தது. 'படி', 'மாடு', 'கீரி' எல்லாம் தடங்கல் இல்லை. 'கொக்கு' என்ற இடத்தில் நின்றுவிட்டான்.

நமக்குப் பழகிப்போனதால் அதில் உள்ள சிக்கல் தெரிவதில்லை. கொ என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, க நடுவில், கால் கடைசியில். வாயில் முதலில் வருவதோ க். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே ஒலி. பையன் இடமிருந்து வலமாக ஒழுங்காகத்தான் படித்தான். "கெ..." என்றான். அடுத்து நின்ற காலைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "கெகா" என்றான். அப்புறம் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு வேகமாக "நாரை" என்றான்.

இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளை படத்தைப் பார்த்துத்தான் படித்துக்கொண்டிருந்தான். கொம்பும் காலும் வருகிற ஒவ்வொரு சொல்லிலும் விழுந்திருக்கிறான். தமிழில் ஒரு பக்கத்தில் அப்படி எத்தனை சொல் வரும், எண்ணிப் பாருங்கள்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஒன்றில் கொம்பு, ஒன்றில் கால், மற்றவற்றில் க, ச, த, ப, ம எழுதினேன். எழுத்து அட்டை தரையில் இருக்கும். இடது கையில் கொம்பு, வலது கையில் கால். "ரெண்டு கையாலயும் புடிச்சா ஒ. வலது கைய எடுத்துட்டா எ." அவன் வலது கையை வைத்து வைத்து எடுத்தான். கொ, கெ, கொ, கெ. க-வை எடுத்துவிட்டு ப-வை வைத்தேன். பொ, பெ. மூன்றாம் நாள் நான் சொல்லாமலே த-வை எடுத்து வைத்து "தொ" என்று சொல்லிவிட்டு, தலை நிமிராமல் அடுத்த அட்டையைத் தேடினான். அந்தக் குனிந்த தலை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. பத்து நாள் கழித்து அவன் அம்மா வாசலில் நின்று சொன்னார், மன்னார்குடிக் கடைத்தெருவில் அரிசி மூட்டையைப் பார்த்து "பொன்னி" என்று சத்தம் போட்டுப் படித்தானாம்.

பத்து நாள் வேலை. அதற்கு ஒரு வருஷத்தைக் கொடுக்க இருந்தோம்.

எல்லாம் பத்து நாளில் தீர்ந்தது என்று சொல்லவில்லை. கடன் வாங்கிக் கழிப்பது வர மார்கழி ஆயிற்று. ண, ன, ந இன்னும் தகராறுதான். அந்த ஜூனில்தான் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பிள்ளைகளை அவரவர் நிலைக்குத் தக்கபடி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். பையன் பெயர் மூன்றாம் வகுப்புப் பதிவேட்டில், கையில் செய்வது அரும்பு வேலை. கூட்டாளிகளைப் பிரியவில்லை, "ஃபெயிலு" என்று யாரும் கூப்பிடவில்லை, தெரியாததை அதன் இடத்திலிருந்தே கற்றுக்கொண்டான். மதிப்பீட்டைப் போனில் ஏற்றுவதற்கே பாதி நேரம் போகிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு, அதைக் கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் பிரிப்பு சரியானது. சாயங்காலம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர் ஒரு பெண் உட்கார்ந்தாள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு அவள் போட்ட உழைப்பு கொஞ்சமல்ல. 2023 ஆகஸ்டில் திருக்குவளையில் தொடங்கி வைத்துக் காலை உணவு எங்கள் ஊருக்கும் வந்தபோது, பிள்ளைகள் எட்டேகால் மணிக்கே வந்துவிட்டார்கள். உப்புமா சாப்பிட்ட பிறகு மணி அடிப்பதற்குள் கிடைக்கிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் நான் திணறுகிற பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.

இப்போது அவன் ஆறாவது. மெதுவாகத்தான் படிக்கிறான், அறிவியல் பாடம் கஷ்டம் என்கிறான். ஆனால் பள்ளிக்குப் போகிறான்.

சரி, நிறுத்தவே கூடாதா? ஓர் இடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. ஐந்து வயது நிறைந்தும் நிறையாமலும் ஒன்றாம் வகுப்பில் போட்டுவிடுகிறார்கள் பாருங்கள், அந்தப் பிள்ளைகள். பென்சில் பிடிக்கவே விரல் வளைந்திருக்காது. அவர்களை முதலிலேயே இன்னொரு வருஷம் அங்கன்வாடியில் விளையாட விட்டிருக்கலாம். சேர்க்கும்போது பொறுமை வேண்டும். சேர்த்து, தோற்க வைத்து, அப்புறம் திருப்பி உட்கார வைப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

மேலே இருப்பவர்களும் இதில் மாறி மாறித்தான் முடிவெடுத்திருக்கிறார்கள். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று மாநிலங்களுக்கு இடம் கொடுத்தார்கள். நம் மாநிலத்திலும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அந்த நாலைந்து மாதம் என் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தேர்வு பற்றிக் கேட்ட கேள்விகளை நான் மறக்கவில்லை. 2024 டிசம்பரில் மத்திய அரசு விதியை மாற்றியது. ஐந்தில், எட்டில் தேறாத பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையிலும் எட்டு வரை தேர்ச்சி என்பதே இருக்கிறது. மத்திய விதியில்கூட இரண்டாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தச் சொல்லவில்லை என்பதைத் தங்கைக்குச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஆய்வுகளைத் தொகுக்கும் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன், திரும்ப அதே வகுப்பில் படிப்பவர்கள் சராசரியாகப் பின்தங்கவே செய்கிறார்கள் என்று சொல்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வரப்பில் நிற்கிற அண்ணன்தான் நினைவுக்கு வந்தார்.

"சட்டம் பேசினா டிசியக் கையில குடுத்துருவாங்கக்கா" என்றாள் தங்கை. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. அதனால் சட்டத்தை முதலில் எடுக்க வேண்டாம். பள்ளிக்குப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னேன்: என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான்? எந்த எழுத்தில், எந்தக் கணக்கில்? அவனை மறுபடி இரண்டாவதில் உட்கார வைத்தால் அந்த இடத்தில் வேறு மாதிரி என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறீர்கள், யார், எத்தனை மணிக்கு?

புதன்கிழமை போய்க் கேட்டிருக்கிறாள். டீச்சர் மார்க் ஷீட்டைத்தான் காட்டினாராம். தமிழ் 34, கணக்கு 41. 34 என்றால் எது தெரியும், எது தெரியாது என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். அந்த டீச்சரையும் நான் குறை சொல்ல மாட்டேன், ஒரே வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகளாம். பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

கடிதம் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை. வருகிற சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு மன்னார்குடி பஸ் ஏறுகிறாள். தமிழ்ப் புத்தகமும் கணக்கு நோட்டும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், மார்க் ஷீட் வேண்டாம் என்றேன். எங்கள் வீட்டுத் திண்ணையில், யாரும் பக்கத்தில் இல்லாமல், நானும் அவனும் மட்டும் உட்காரப் போகிறோம். அலமாரியைக் குடைந்து அந்தப் பத்திரிகை அட்டைகளைத் தேடி எடுத்துவிட்டேன். கொம்பும் காலும் இருக்கின்றன. ச மட்டும் காணவில்லை, புதிதாக வெட்ட வேண்டும்.