பிளாங்க் வெளுப்பாகத்தான் இருந்தது

“எது சரி, எது தப்புன்னு எப்படி சார் முடிவு பண்றீங்க?”

இதைக் கேட்டபோது என்னிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டெஸ்ட் ட்யூப் ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மடக்கவேண்டும் என்ற தொனி கிடையாது, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் அதற்குள் கதவுப் பக்கம் போயிருந்தேன். போகிற போக்கில் சொன்னேன்: “இதுக்கு முன்னாடி வந்ததோட எது ஒத்துப்போகுதோ, அதுதாம்மா சரி.”

பல வருஷம் ஆகிவிட்டது. அவள் கேள்வி மறந்திருந்தால்கூடப் பரவாயில்லை, என் பதில் மறக்கமாட்டேன் என்கிறது.

ஆட்டுச் சிறுநீரகத்திலிருந்து பிரித்த செல் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் பம்பை அளந்துகொண்டிருந்தோம். யென்ஸ் ஸ்கௌ நண்டின் கால் நரம்பில் கண்டு 1957இல் எழுதிய அதே நொதி. செல்லுக்குச் சக்தி தரும் மூலக்கூறான ஏடிபியை உடைத்து, அந்தச் சக்தியில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஒவ்வொரு ஏடிபி உடையும்போதும் ஒரு பாஸ்பேட் கழன்று விழும். அதை அளந்தால் நொதி செய்த வேலை தெரிந்துவிடும். அளப்பதற்கு ஃபிஸ்கேயும் சுப்பாராவும் 1925இல் கொடுத்த முறைதான் இருக்கவே இருக்கிறது. பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு நீலம். வாபெயின் போட்டால் பம்ப் மட்டும் நின்றுவிடும். போட்ட ட்யூபுக்கும் போடாத ட்யூபுக்கும் உள்ள வித்தியாசம்தான் பம்பின் பங்கு.

ஆர்டர் செய்த ஏடிபி வர இரண்டு வாரம் தாமதம். அதுவரை சும்மா இருக்கவேண்டாமே என்று, ஃப்ரீசரின் அடித்தட்டில் பனி மூடிக் கிடந்த ஒரு பாட்டிலை எடுத்து அவள் வேலையைத் தொடங்கிவிட்டாள். நான் இங்கே சேர்வதற்கு முன்பே வாங்கிய பாட்டில். லேபிளில் மை ஓடி, லாட் எண் பாதி அழிந்திருந்தது. புதியது வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே சவ்வில், ஒரே நாளில் அளந்தாள். பழையதில் பம்பின் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மறுநாளும் அப்படியே. நான்கு தடவை செய்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள்.

என் முதல் கேள்வி, யாராக இருந்தாலும் நான் கேட்கிற கேள்விதான். “பிஎச் பார்த்தியா?” ஏடிபியைத் தண்ணீரில் கரைத்தால் கரைசல் புளிக்கிற பக்கம் போய்விடும். சரிசெய்யாமல் ஊற்றிவிட்டு, நொதி செத்துப்போச்சு சார் என்று வந்து நின்ற பிள்ளைகள் எத்தனையோ. இவள் இரண்டையும் 7.4க்குக் கொண்டுவந்திருந்தாள்.

“260ல?”

“ரெண்டும் ஒண்ணுதான் சார்.”

அது கேட்டிருக்கவேண்டாத கேள்வி. 260 நானோமீட்டரில் ஒளியைக் குடிப்பது அடினின் வளையம். ஏடிபி முழுசாக இருந்தாலும் ஒரு பாஸ்பேட்டை இழந்து நின்றாலும் அந்த அலைநீளத்தில் ஒரே முகம்தான். எனக்கு இது தெரியாதா என்ன. ஆனாலும் கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தோன்றாததை மறைக்கத்தான் கேட்டேனோ என்று இப்போது படுகிறது.

பிறகு முடிவாக, “ரொம்ப நாளா கிடந்தது. உடைஞ்சிருக்கும்,” என்றேன்.

“பிளாங்க் வெளுப்பாத்தான் சார் இருக்கு.”

இந்த இடத்தில்தான் நான் நின்றிருக்கவேண்டும். கிடந்து கிடந்து ஏடிபி உடைந்திருந்தால், உதிர்ந்த பாஸ்பேட் பாட்டிலுக்குள்ளேயேதான் இருக்கும். நொதியைச் சேர்க்காத ட்யூபே, அதாவது பிளாங்கே, நீலமாகும். அவள் ஸ்டாண்டின் ஓரத்தில் இரண்டு பிளாங்குகள் நின்றன. இரண்டும் ஒரே வெளுப்பு. எது எந்தப் பாட்டில் என்று எழுதி ஒட்டியிருக்காவிட்டால் பிரித்துச் சொல்லமுடியாது. வாபெயின் போட்ட ட்யூபுகளிலும் வித்தியாசமில்லை. சவ்விலுள்ள மற்ற நொதிகளுக்கு எந்தச் சேதமும் இல்லாமல், பம்புக்கு மட்டும் அடி விழுந்திருக்கிறது. இதையெல்லாம் அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. “புதுசை வெச்சுக்கோ, பழசை விட்ரு,” என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, பாஸ்பேட்டைக் கழற்றுகிற நொதி, அதாவது பாஸ்படேஸ், ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து இரண்டு மாதம் தூங்காமல் கிடந்தேன். எந்தத் தடுப்பானுக்கும் மசியாத நொதி. கொதிக்கவைத்தாலும் சாகாத நொதி! கடைசியில் பார்த்தால், ட்யூப் கழுவின சோப்பில் பாஸ்பேட். சரியாக அலசாமல் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைத்தான் நான் நொதி என்று பெயர் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். என் கைடு திட்டவில்லை. புது ட்யூப் ஒரு பெட்டி வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று முதல், விசித்திரமாக ஏதாவது வந்தால் நான் முதலில் அழுக்கைத்தான் சந்தேகப்படுவேன். பெரும்பாலும் அது அழுக்காகத்தான் இருக்கும். ஐந்து வருஷத்தில் தீசிஸ் முடிக்கவேண்டிய பெண்ணை, ஊர் பேர் தெரியாத ஒரு பாட்டிலின் பின்னால் அனுப்புவது கைடுக்கு அழகா?

அழகில்லைதான். ஆனால் அதற்கடுத்த வாரம் நடந்ததையும் சொல்லவேண்டும்.

வகுப்பில் மார்ட்டின் ராட்பெல் கதையைச் சொன்னேன். வருஷா வருஷம் சொல்கிற கதை. ஈரல் செல் சவ்வில் குளுக்ககான் என்ற ஹார்மோன் வேலை செய்யும் விதத்தை அவர் ஆராய்ந்தபோது ஏடிபி நடந்துகொண்ட விதம் உதைத்தது. கடையில் வாங்கிய ஏடிபியில் அதன் உறவுக்கார மூலக்கூறான ஜிடிபி கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். அந்தக் கலப்படம்தான் காரியத்தைச் செய்துகொண்டிருந்தது. செயற்கையாகத் தயாரித்த சுத்தமான மாற்றுப் பொருளைப் போட்டதும், ஜிடிபி சேர்க்காமல் ஹார்மோனின் பேச்சு எடுபடவில்லை. அங்கே தொடங்கியதுதான், வெளியிலிருந்து வரும் சேதியைச் செல்லுக்குள் கடத்துகிற ஜி-புரதங்களின் கதை. 1994இல் ஆல்ஃபிரெட் கில்மனோடு சேர்ந்து நோபல். “அசுத்தத்தை மதிக்கத் தெரிஞ்சவர்,” என்று முடிப்பேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் அவளும் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தாளா இல்லையா என்று எத்தனையோ தடவை நினைவுபடுத்திப் பார்த்துவிட்டேன். அந்த முகம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த நிமிஷம் எனக்கே பாட்டில் ஞாபகம் வரவில்லை என்பதுதான் இதில் கேவலம்.

வனடேட் விஷயம் இதைவிட நெருக்கம். தசையிலிருந்து தயாரித்த ஏடிபியில் சோடியம் பம்பை அடக்குகிற ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது. அது வனேடியம் உலோகத்தின் சேர்மமான வனடேட் என்று 1977இல் கண்டுபிடித்தார்கள். துளியூண்டு போதும், பம்ப் படுத்துவிடும். எங்கள் பாட்டிலில் இருந்ததும் அதுவாகவே இருக்கலாம். அப்படியானால் என் மனசுக்கு ஒரு விதத்தில் ஆறுதல்: உலகம் இழந்தது எதுவுமில்லை, ஏற்கெனவே புத்தகத்தில் இருப்பதைத்தான் தூக்கி எறிந்தோம். இ.டி.டி.ஏ. சேர்த்தோ, நார்அட்ரினலின் சேர்த்தோ தடை விலகுகிறதா என்று பார்க்க ஒரு மத்தியானம் போதும். அந்த ஒரு மத்தியானத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. உலகத்துக்குப் பழசுதான். அவளுக்குப் புதுசாக இருந்திருக்கும்.

சரி, வனடேட்டே இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். தயாரிக்கும்போதே பாஸ்பேட்டைக் கழித்துவிட்டு ஏடிபியோடு ஏடிபியின் தம்பியையும், அதாவது டைபாஸ்பேட்டையும், பாட்டிலில் விட்டிருக்கலாம். அதுவும் பம்பை மட்டுப்படுத்தும், பிளாங்கும் வெளுப்பாகவே இருக்கும். அப்படிப் பார்த்தால் அவள் சொன்னது எதையும் நிரூபிக்கவில்லை, நான் சொன்னதும் முழுத் தப்பில்லை. இந்த வாதத்தைக் கண்டுபிடித்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் தோன்றியது, இதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தால் அது பதில். இத்தனை வருஷம் கழித்து எனக்கு நானே சொல்லிக்கொண்டால் அதற்குப் பெயர் வேறு.

இதிலிருந்து திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இப்போதெல்லாம் யாராவது இப்படி வந்தால் “தூக்கிப் போடாதே, ஒதுக்கி வை, பார்க்கலாம்” என்கிறேன். ஃப்ரீசரில் அதற்கென்றே ஒரு டப்பா இருக்கிறது. தேதி எழுதி டேப் ஒட்டிய ஆறு பாட்டில்கள் அதற்குள் இருக்கின்றன. இதுவரை ஒன்றைக்கூட வெளியே எடுத்துப் பார்த்ததில்லை.

போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது அவளுடைய நோட்டு கிடைத்தது. அந்தத் தேதியில், “பழைய ஏடிபி, அறிவுறுத்தியபடி அப்புறப்படுத்தப்பட்டது” என்று இருக்கிறது. யார் அறிவுறுத்தியது என்று இல்லை. அதற்கு மேலே நான்கு நாள் அளவீடுகள். தப்பான எண்ணை அழிக்கக்கூடாது, கீழே இருப்பது படிக்கிற மாதிரி ஒற்றைக் கோடுதான் போடவேண்டும் என்று முதல் வாரமே சொல்லிக்கொடுப்பேன். அப்படியே போட்டிருக்கிறாள், ஸ்கேல் வைத்து. எல்லாம் படிக்க முடிகிறது. கோடு போட்ட நான்கு எண்களும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. கோடு போடாத, நான் சரி என்று சொன்ன நான்கில்தான் ஒன்று கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது.